காமோ ஆற்றுப் பரணில் இருவருக்குச் சாப்பாடு

கல்யாணமாகிப் பத்து வருடம் முடிந்ததைக் கொண்டாட, மழைக்காலத்தில், கூரையில்லாத இடத்தில் உட்கார்ந்து சாப்பிட 32,307 யென் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். ரூபாயில் பதினெட்டாயிரத்துக்கு மேல். எங்கள் முகூர்த்தம் ஆனியில். ஆனி என்றால் ஜப்பானில் தொடர்மழை. தூத்துக்குடியில் நாள் குறித்தவருக்கு அது எப்படித் தெரியும்?

ஒசாகாவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மே மாதம் பிறந்தால் போதும், ரயில் பெட்டிக்குள் ஒரு விளம்பரம் தொங்க ஆரம்பித்துவிடும். கியோட்டோ, காமோ ஆறு, கரையோரம் மரப் பரண், அதில் ஒரு ஜோடி, பின்னால் விளக்கு வரிசை. ஒவ்வொரு வருடமும் அதைப் பார்த்துவிட்டு "அடுத்த வருடம்" என்று இறங்கிப் போவேன். இந்த முறை இவரே, "போயிட்டு வந்துருலாங்க அம்மிணி" என்றார். இவர் ஈரோட்டுக்காரர். ஆட்டுக்கறி தவிர மற்றதெல்லாம் காய்கறி என்று நினைக்கிறவர். அவரே மீன் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது மழை, வெயில் எல்லாம் பார்க்க முடியாது.

அந்தப் பரணுக்கு யுக்கா என்று பெயர். தரை என்பதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம். வடக்கே நிஜோவிலிருந்து தெற்கே கோஜோ வரை ஆற்றின் மேற்குக் கரையில் ஏறக்குறைய நூறு கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஏப்ரலில் ஒவ்வொரு கடையும் தன் பின்பக்கத்தில் தூண் நட்டுப் பலகை போடும். சீசன் மே 1-ஆம் தேதி தொடங்கும். முன்பு செப்டம்பரோடு முடிந்துகொண்டிருந்தது, இப்போது அக்டோபர் வரை நீட்டியிருக்கிறார்கள். முடிந்ததும் மொத்தத்தையும் பிரித்து அடுக்கிவிடுவார்கள். நம் ஊர்க் கல்யாணப் பந்தல் போலத்தான், ஆனால் ஆறு மாதப் பந்தல். எடோ காலத்தில், அதாவது பதினேழு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, ஆற்று மணல்திட்டிலேயே பலகை போட்டு வியாபாரிகள் விருந்து வைத்ததிலிருந்து வந்த பழக்கம் இது.

படத்தைப் பார்த்தால் பரண் காமோ ஆற்றுக்கு மேலே நிற்பது போலத் தெரியும். அப்படி இல்லை. கரையை ஒட்டி மிசோசொகி என்று ஒரு சின்ன வாய்க்கால் ஓடுகிறது. பரணுக்கு நேர் கீழே இருப்பது அதுதான். அதற்கப்புறம் நடைபாதை, அதற்கும் அப்புறம்தான் ஆறு. காலை நீட்டினால் தண்ணீரைத் தொடவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கியோட்டோவின் வடக்கு மலையிலிருக்கும் கிபுனேவுக்குப் போகவேண்டும். அங்கே ஓடைக்கு ஒரு முழம் மேலே பலகை போட்டிருப்பார்கள், குளிர்ச்சியும் அதிகம். அங்கே அதற்குப் பெயர் கவாதோக்கோ. எழுதுவது அதே எழுத்தைத்தான், ஊர் மாறினால் உச்சரிப்பு மாறிவிடுகிறது.

நாங்கள் போன கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை சொல்ல வேண்டியிருக்கிறது. மேலும் நான் சொல்லப்போவதில் பாதி அந்த வரிசையில் எந்தக் கடைக்கும் பொருந்தும். பொந்தோச்சோ சந்தில் இருக்கிறது என்பது மட்டும் போதும்.

போனில்தான் முன்பதிவு செய்தேன். ஜோடிகளுக்கென்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஆற்றைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, சின்னச் சின்னதாகப் பல வகை ஒன்றன்பின் ஒன்றாக வரும் கைசெகி முறையில் சாப்பாடு, கடைசியில் இனிப்புத் தட்டில் பெயரெழுதிய வாழ்த்து. தலைக்கு 13,200 யென், வரி உட்பட. இவருடைய பெயர் கொஞ்சம் நீளம். வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கட்டகானாவில் எழுதினால் பத்து எழுத்து. அந்தப் பெண் மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். மூன்றாவது முறை, "தட்டில் இடம் போதுமா என்று பார்க்கிறேன்" என்று சிரிக்காமல் சொன்னாள். மழை பெய்தால் உள்ளே இடம் உண்டா என்று நான் கேட்டதற்கு, உண்டு, கண்டிப்பாக உண்டு என்றாள். இந்தப் பதிலைப் பின்னால் பார்ப்போம்.

ஜூலை முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. மகளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு கெய்ஹான் ரயிலில் கியோன்-ஷிஜோவில் போய் இறங்கினோம். நிலையத்திலிருந்து மேலே ஏறினால் கிழக்குக் கரை. எதிர்க்கரையில் பரண் வரிசை முழுசாகத் தெரியும். நேரம் இருந்ததால் கரையில் இறங்கி உட்கார்ந்தோம். அங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஆற்றைப் பார்த்து ஜோடிகள் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே கயிறு பிடித்து அளந்தது போல ஒரே இடைவெளி. புதிதாக ஒரு ஜோடி வந்தால் சரியாக இரண்டு ஜோடிகளுக்கு நடுவில் போய் உட்காரும். இன்னொன்று வந்தால் அடுத்த நடுவில். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கியோட்டோவில் இது ஒரு பேர்பெற்ற சமாச்சாரம். நாங்களும் ஒரு நடுவைப் பிடித்தோம். இவர் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்து, கொஞ்சம் இடதுபுறம் நகர்ந்து சரிசெய்துகொண்டார். பொறியாளர் புத்தி.

பொந்தோச்சோ சந்தில் இரண்டு பேர் குடை விரித்தால் மூன்றாமவர் காத்திருக்கவேண்டும். வாசல்களில் சின்னப் பறவை வரைந்த சிவப்புக் காகித விளக்குகள். கடைக்குள் போனதும் செருப்பைக் கழற்ற வேண்டும். காலுறையில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதை அனுபவத்தில் சொல்கிறேன், என் அனுபவம் இல்லை. நீளமான இருட்டு நடை, சமையலறை, படிக்கட்டு, அப்புறம் ஒரு கதவு. கதவைத் திறந்தால் சட்டென்று வானம். அந்த ஒரு நொடிக்குக் காசு கொடுக்கலாம்.

தாழ்வான மேசை, தரையில் மெத்தை. வெளிநாட்டுக்காரர்கள் காலை எங்கே வைப்பது என்று தவிப்பார்களாம், அதற்காகச் சில கடைகளில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. சம்மணம் போட்டு இலையில் சாப்பிட்டு வளர்ந்த கால்கள். விசிறி வைத்திருந்தார்கள். மேசைக்கடியில் பன்றி வடிவ மண்சட்டியில் கொசுவர்த்தி புகைந்துகொண்டிருந்தது. கொசுவர்த்தியைச் சுருளாகச் செய்யலாம் என்ற யோசனையே இந்த நாட்டில் பிறந்ததுதான். உஎயாமா எய்இச்சிரோ என்பவர் முதலில் குச்சியாகத்தான் செய்தார், சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிட்டது. பாம்பு சுருண்டு படுப்பது போலச் செய்தால் என்ன என்று கேட்டவர் அவர் மனைவி யுகி. சுருள் கடைக்கு வந்தது 1902-இல். இதை இவரிடம் சொன்னேன். "பொண்டாட்டி பேச்சைக் கேட்டுப் பொழச்சிருக்காரு" என்றார். சாயங்காலம் நன்றாகத்தான் ஆரம்பித்தது.

முதலில் வந்த சின்னக் கிண்ணம் யுபா. சோயாப் பால் காய்ச்சும்போது மேலே படிகிற ஆடை. நாக்கில் வைத்தால் இருந்ததா இல்லையா என்று சந்தேகம் வரும். அடுத்து ஹாமோ.

ஹாமோவுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்றும் சொல்லலாம். கடல் விலாங்கு. எங்கள் ஊர்க் கடலிலும் இந்த வகை உண்டு. ஆனால் அம்மா சட்டிப் பக்கமே விடமாட்டார். சதைக்குள் குத்தூசி குத்தூசியாக முள், எடுக்கவும் முடியாது, மென்று விழுங்கவும் முடியாது. கியோட்டோ கடலில்லாத ஊர். லாரியும் ஐஸ் பெட்டியும் இல்லாத காலத்தில், செதொ உள்கடலிலிருந்து கோடையில் உயிரோடு இங்கே வந்துசேரக்கூடிய அளவுக்கு ஆயுள் கெட்டியான மீன் இதுதான். அதனால் முள்ளோடு மல்லுக்கட்ட ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். தோல்புறம் கீழே இருக்க வைத்து, கனமான நீளக் கத்தியால், தோல் அறுபடாமல் சதையையும் முள்ளையும் மட்டும் அரிந்துகொண்டே போவது. ஒரு சுன் நீளத்தில், அதாவது 3 சென்டிமீட்டரில், 24 வெட்டுக்குக் குறையக் கூடாது என்பது கணக்கு. சமையலறையைத் தாண்டி வரும்போதே அந்தச் சத்தம் கேட்டது, ஷாரி ஷாரி என்று, பனங்கற்கண்டை மெல்வது போல. அப்படி அரிந்த துண்டை வெந்நீரில் முக்கினால் தோல் சுருங்கும், சதை வெள்ளைப் பூவாக விரியும். உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, உப்பிலிட்ட புளிப்புப் பிளம் விழுதோடு தருகிறார்கள்.

இவர் சாஷிமி, அதாவது பச்சை மீன் துண்டு, தொடமாட்டார். "இது பச்சை இல்லீங்க, வெந்நீர்ல முக்கினது" என்று சத்தியம் செய்தபின் ஒன்றை எடுத்தார். மென்றார். எதிர்க்கரையைப் பார்த்தார். இன்னொன்று எடுத்தார். நான் என் தட்டைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். முள் நாக்கில் தட்டவே இல்லை, கல்கண்டுத் தூள் போல ஒரு மெல்லிய நறநறப்பு மட்டும். மழைக்காலத்துத் தண்ணீரைக் குடித்து ஹாமோ ருசி ஏறும் என்று இங்கே சொல்வார்கள். ஜூலையில் வரும் கியோன் திருவிழாவுக்கே ஹாமோ திருவிழா என்று செல்லப்பெயர் உண்டு.

அதே மீன் மூடிபோட்ட அரக்குக் கிண்ணத்தில் தெளிந்த ரசமாகவும் வந்தது. மூடியைத் திறந்ததும் எனக்கு எங்கள் வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. ஏன் என்று இரண்டு வாய் குடித்தபின்தான் புரிந்தது. தாஷி என்று இவர்கள் பயபக்தியோடு சொல்லும் அந்த அடிச்சாறு, கொம்பு என்ற கடற்பாசியும் சீவிய கட்சுவோபுஷியும் ஊறிய தண்ணீர். கட்சுவோபுஷி என்பது அவித்துப் புகைபோட்டுக் கல்லாகக் காயவைத்த சூரை மீன். தூத்துக்குடிக்காரிக்கு அது மாசிக்கருவாட்டின் ஒன்றுவிட்ட சகோதரன். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இதிலேயே இருக்கிறது. மீன் துண்டு கண்ணில் படாவிட்டாலும் வேகவைத்த காயில், முட்டையில், ரசத்தில் எல்லாம் இந்தச் சாறு உண்டு. பதிவு செய்யும்போதே தெளிவாகச் சொன்னால் சில கடைகள் கொம்புவும் காளானும் மட்டும் போட்டுச் சமைத்துத் தரும். போய் உட்கார்ந்தபின் சொன்னால் ஒன்றும் நடக்காது.

அயு என்ற ஆற்றுமீன் உப்பு தடவி, நீந்துவது போல உடலை வளைத்துக் கம்பியில் குத்திச் சுட்டு வந்தது. ஒரு வருடம்தான் அதன் ஆயுள். மோந்து பார்த்தால் வெள்ளரிக்காய் வாசனை அடிக்கிறது, நான் கதை விடவில்லை. பரிமாறிய அம்மா முதுகை விரலால் அழுத்தி, வாலைக் கிள்ளி, தலையைப் பிடித்து மெல்ல இழுத்தார். முழு முள்ளும் உருவிக்கொண்டு வந்துவிட்டது. எனக்கு வாய்க்கவில்லை, பாதியில் ஒடிந்தது. இவருக்கு ஒரே இழுப்பில் வந்தது. மீன் முள்ளில் என்னை ஜெயித்தது பத்து வருடத்தில் இதுவே முதல்முறை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். குடல் கசக்கும். அந்தக் கசப்புக்குத்தான் விலையே. நீர்மிளகுத் தழையை அரைத்துக் கலந்த பச்சைக் காடியில் தொட்டுச் சாப்பிடவேண்டும்.

இனி குறை. தெம்புரா தொய்ந்துபோய் வந்தது. சமையலறையிலிருந்து அந்த நீள நடை, படிக்கட்டு, அப்புறம் திறந்தவெளி என்று நடந்து வருவதற்குள் எந்த எண்ணெய்ப் பலகாரத்துக்கும் அதுதான் கதி. இதே விலைக்குக் கூரைக்குக் கீழே இதைவிட நல்ல சாப்பாடு கியோட்டோவில் நிச்சயம் கிடைக்கும். பரணில் நாம் காசு கொடுப்பது இடத்துக்கு. அதனால் பெரிய விலைச் சாப்பாடு வேண்டாம், நடுத்தரமானதை எடுங்கள். வெயில் காலத்தில் குளிர்ச்சியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம், ஜூலையில் அந்தக் கிண்ணத்தில் ஆவி கட்டி நிற்கும். அன்று காற்று வந்தது, போனது, அவ்வளவுதான். எங்களுக்கு வலப்பக்கம் எட்டுப் பேர் கொண்ட அலுவலகக் கூட்டம் வேறு. மூன்றாவது பியருக்கு மேல் அவர்களுடைய மேலாளரைப் பற்றி எங்களுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

ஆனால் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்களே, அந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். எதிரெதிரே உட்கார்ந்தால் ஏதாவது பேசியாகவேண்டும். பத்து வருடத்துக்கு அப்புறம் பேச்சு என்றால் மகளின் பள்ளிக்கூடம், விசா, ஊரில் கட்டும் வீட்டுக்கு மாடி எடுப்பதா வேண்டாமா. அங்கே இரண்டு பேருக்கும் முன்னால் ஆறு இருந்தது. பரணுக்குக் கீழே வாய்க்காலில் ஒரு சாம்பல் நாரை வந்து நின்றது. அசையவே இல்லை. "பிடிக்குமா?" என்றார் இவர். "பிடிக்காது" என்றேன். பந்தயம் நூறு யென். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் எவ்வளவு நேரம் ஒன்றும் பேசாமல் அந்த நாரையையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரியவில்லை. நடுவில் காலிக் கிண்ணத்தை யாரோ எடுத்துப் போனார்கள். கியோட்டோவின் தெற்கே புஷிமி ஊற்றுத் தண்ணீரில் வடித்த சாகே என்ற அரிசி மதுவை ஒரு குவளை வாங்கி இருவரும் பகிர்ந்துகொண்டோம், அது எப்போது தீர்ந்தது என்றும் தெரியாது. தலையை ஒரு வெட்டு வெட்டி நாரை எதையோ பிடித்துவிட்டது. நூறு யென் போனது. நான் இன்னும் கொடுக்கவில்லை.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், உருண்டைக் கத்தரிக்காயைப் பாதியாக்கி மேலே மிசோ என்ற புளித்த சோயா விழுதைத் தடவிச் சுட்டதை வைத்துவிட்டுப் போனார்கள். முதல் கரண்டி எடுக்கும்போது மேசையில் ஒரு சொட்டு. அப்புறம் பத்து. பணியாளர்கள் ஓடி வந்த வேகத்தைப் பாராட்டவேண்டும், இரண்டு நிமிடத்தில் பரண் காலி. மெத்தை, விசிறி, பன்றி எல்லாம் உள்ளே.

உள்ளே இடம் கண்டிப்பாக உண்டு என்றாளே, அது சமையலறைக்குப் போகும் படிக்கட்டை ஒட்டிய மூலை. இரண்டு பேர் உட்கார முடியும், சுவரைப் பார்த்து. ஜோடி இருக்கை என்ற சொல்லை அங்கேயும் காப்பாற்றினார்கள், பக்கத்தில் பக்கத்தில்தான், முன்னால் ஒரு காலண்டர். எட்டு மணிப் பந்திக்கு ஆள் வந்துவிடுவார்களே என்ற பதற்றம் அவர்களுக்கு. சோறு, ஊறுகாய், மிசோ சூப், இனிப்பு எல்லாம் பத்து நிமிடத்துக்குள் வந்து இறங்கின. பந்தியில் பாயசத்துக்கு முன்பே இலையை மடிக்கச் சொன்னது போல இருந்தது. பரிமாறிய அம்மா ஒவ்வொரு தடவையும் குனிந்து மன்னிப்புக் கேட்டார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பில்லில் 10 சதவீதச் சேவைக்கட்டணம் முழுதாக இருந்தது. சாப்பாடு 26,400, குடித்தது 2,970, சேவை 2,937. மழை கடையின் குற்றமில்லை. காலண்டர் கடையின் குற்றம்தான்.

வாழ்த்துத் தட்டு மட்டும் குறை வைக்கவில்லை. பெயர் நீளத்துக்குத் தட்டு போதாமல், சாக்லேட் எழுத்து வட்டமாக விளிம்பைச் சுற்றி ஓடி, பத்தாவது எழுத்து முதல் எழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் பெயருக்கு நடுவில் இடம் கிடைத்தது. போனில் பேசிய பெண்தான் எழுதியிருக்கவேண்டும். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "அப்பா பேர் அம்மாவைச் சுத்தி நிக்குது" என்று குரல்செய்தி வந்தது.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. ஷிஜோ பாலத்தில் நின்று பார்த்தால் எல்லாப் பரணிலும் விளக்கு ஏற்றிவிட்டார்கள், ரயில் விளம்பரத்தில் பார்த்த அதே படம். எங்கள் கடையில் ஈரப் பலகையைத் துடைத்து மெத்தை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூலையில் சூரியன் மறையவே ஏழேகால் ஆகும். விளக்குதான் வேண்டும் என்றால் எட்டு மணிப் பந்திக்குப் போங்கள். ஆறும் நாரையும் வேண்டும் என்றால் ஐந்தரை. என்னைக் கேட்டால் மே மாதம் போகச் சொல்வேன். மழை குறைவு, கொசு குறைவு, பகல் சாப்பாடும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகலில் பரண் கிடையாது. ஆனால் மே மாதத்தில் ஹாமோ இந்தப் பக்குவத்தில் இருக்காது. எதை விடுவது என்பது அவரவர் பாடு. மழை பெய்தால் உள்ளே இடம் உண்டா என்று கேட்காதீர்கள், எந்த இடம் என்று கேளுங்கள்.

அடுத்த வாரம் எங்கள் தெரு சூப்பர்மார்க்கெட்டில், தட்டில் சுற்றி, முள் அரிந்த பச்சை ஹாமோ 980 யென்னுக்குக் கிடைத்தது. நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், புளி, தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தேன். கொதி வந்ததும் துண்டுகளைப் போட்டேன். சிவப்புக் குழம்புக்குள் ஒவ்வொன்றும் சுருண்டு அப்படியே வெள்ளைப் பூவாக விரிந்தது. அரிந்த சந்தெல்லாம் குழம்பை இழுத்துக்கொண்டது. இவர் மூன்று தடவை சோறு வாங்கினார். அம்மாவுக்குப் போனில் சொன்னேன். விலாங்கையா சட்டியில் போட்டாய் என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் கழித்து, எத்தனை வெட்டு என்றார்.